காஞ்சியில் கூதிர்காலம்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் கூதிர் என்னுஞ் சொல் குளிர்ந்த காற்றையும் குறிக்கும். அக்காற்று வீசும் பருவத்தையும் குறிக்கும். வடக்கிலிருந்து வரும் வாடை உடலை நடுக்க, மழை விட்டுவிட்டுப் பெய்யும் காலம் அது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இப்பருவத்தையே பொருளாகக் கொண்டது. கோடையில் ஓயாது அசைந்த விசிறி முளையிலே தொங்குவதையும், அதன்மேல் சிலம்பி நூல் பின்னுவதையும் அப்புலவர் காட்டுகின்றார். காலம் மாறியதை இதனினும் சிறப்பாகக் கூறுதல் அரிது.

இவ்விரு திங்களையும் வடநூலார் சரத் ருது என்பர். வடநாட்டில் அப்போது மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். ஆற்றுநீர் கலங்கல் நீங்கும். தமிழ்நாட்டின் கீழைக் கரைப்பகுதியிலோ அப்போதுதான் மழை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குவது வழக்கம். ஒரே திங்கள் ஒரு நாட்டில் தெளிவையும் மற்றொரு நாட்டில் கலக்கத்தையும் தருவது வியப்பன்று. காற்று வீசும் திசை மாறினால் பருவத்தின் இயல்பும் மாறும்.

இக்காலத்தை மேலைநாட்டார் இலையுதிர்காலம் எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவதும் உண்டு. அச்சொல்லை மொழிபெயர்த்துக்கொண்ட நம்மவருள் சிலர், ஐப்பசித் திங்களில் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதாகக் கட்டுரை எழுதிவிடுகின்றனர். வீட்டு வாயிலில் நிற்கும் வேப்பமரத்தை ஒருமுறை நிமிர்ந்து நோக்கியிருந்தால் அவ்வாறு எழுதத் துணியார். ஐப்பசியில் வேம்பு கரும்பச்சை நிறங்கொண்டு தழைத்து நிற்கும். மழையில் நனைந்த அதன் இலை ஒவ்வொன்றும் கழுவி வைத்தாற்போல் ஒளிரும்.

மேலைநாட்டில் இலை உதிர்வதற்குக் காரணம் உண்டு. அங்குக் குளிர்காலம் நெருங்குகையில் பகற்பொழுது குறுகும். வெயிலின் வெம்மை தணியும். இலையிலுள்ள பச்சையம் சிதையத் தொடங்கும். அதுவரை பச்சையத்தால் மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்போது வெளிப்படும். சில மரங்களின் இலைகளில் செந்நிறப் பொருளும் புதிதாகத் தோன்றும். இலைக்காம்பு கிளையோடு பொருந்தும் இடத்தில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகும். பின்னர்ச் சிறு காற்று வீசினும் இலை வீழ்ந்துவிடும். நிலத்து நீர் உறைந்துபோகும் காலத்தில் வேர் நீரை உறிஞ்ச இயலாது. இலைகள் இருப்பின் அவற்றின் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வரவு நின்றபின் செலவைக் குறைக்கும் குடும்பத்தலைவன்போல மரம் இலைகளை உதிர்த்துவிடுகின்றது.

காஞ்சி மாநகரத்து மரங்களுக்கும் இதே கணக்குத்தான். ஆண்டில் அது வரும் காலம் மட்டும் வேறு. இங்கு நீர்க்குறை நேர்வது குளிர்காலத்தில் அன்று. தைத்திங்களில் மழை நின்று, மாசியில் நிலம் காய்ந்து, பங்குனியில் வெயில் ஏறும்போதே நீர் அரிதாகின்றது. ஆகவே வேம்பும் புங்கும் அரசும் இலவும் அக்காலத்தையொட்டியே இலை உதிர்க்கின்றன. உதிர்ந்த சில நாள்களிலேயே புங்கு பளபளக்கும் இளந்தளிர் விடும். கூதிர்காலமோ காஞ்சியில் பசுமையின் காலம். சுவர் ஓரங்களிலும் வேலிகளிலும் கொடிகள் படரும். வேலியோரத்துப் புதர்களில் கார்த்திகைப் பூ எனப்படும் செங்காந்தள் தீச்சுடர்போல் விரியும். மரமல்லியின் நீண்ட வெண்பூக்கள் இரவில் மலர்ந்து விடியலில் தரையெங்கும் சிதறிக்கிடக்கும். அவற்றை மிதிக்க மனமின்றிச் சுற்றி நடப்பவரை இன்றும் காணலாம்.

நகரத்தில் வாழ்வோர்க்கு இப்பசுமையைக் காண ஒரு பொதுவிடம் வேண்டும். பூங்கா என்னுஞ் சொல் பூவும் காவும் சேர்ந்தமைந்தது. கா என்பது சோலை. பொழில், தண்டலை, இளமரக்கா என்பனவும் இதனைக் குறித்து வழங்கிய சொற்களே. பெயர்கள் இத்துணை இருத்தலால் இப்பொருள் தமிழர்க்குப் புதியதன்று என்பது விளங்கும். காஞ்சி என்பதும் ஒரு மரத்தின் பெயரே. ஆற்றங்கரைகளில் வளரும் அம்மரத்தால் இவ்வூர் பெயர் பெற்றது என்று கூறுவோரும் உளர்.

மணிமேகலைக் காப்பியத்தில் காஞ்சி நகரத்துப் பொழில் ஒன்று வருகின்றது. மழை பொய்த்து மக்கள் பசியால் வாடிய காலத்தில் மணிமேகலை அமுதசுரபியுடன் அந்நகர்க்கு வந்தாள். அரசன் இளங்கிள்ளி அவளை எதிர்கொண்டு, மணிபல்லவத் தீவிலுள்ளது போன்ற பொய்கையும் பொழிலும் தன் நகரில் அமைத்திருப்பதைக் காட்டினான். பஞ்சம் வந்த நாளில் பொய்கையையும் பொழிலையும் அமைத்தான் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இன்பப்பொழுது கழிக்கும் இடமாக மட்டும் அவற்றை அவன் கருதவில்லை. நீரும் நிழலும் ஊரின் உயிரோடு பிணைந்தவை என்னும் நினைவு அக்கதையில் உள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவர் ஸ்காட்லாந்து நாட்டினர். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தவர். காஞ்சியைக் கண்டபோது கோயில்களின் பெருமையைக் காட்டிலும் ஊர் முழுவதும் ஒரு திட்டமாய் அமைந்திருப்பதே அவர்க்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. கோயிலும், தேரோடும் அகன்ற வீதியும், குளமும், வீடுகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை அவர் வியந்து எழுதினார். இந்திய ஊர்களில் குளங்களைத் தூர்ப்பது தவறு என்பதும் அவர் வலியுறுத்திய கருத்தாகும். கொசு பெருகுகின்றது என்று சொல்லிக் குளங்களை மூட விரும்பியோர் அந்நாளில் பலர். குளம் காற்றைக் குளிர்விக்கும். பெருமழையில் மிகுநீரைத் தாங்கிக்கொள்ளும். ஆதலின் அதனைத் தூய்மை செய்து காத்தலே முறை என்பது அவர் கொள்கை.

இனி, இப்பருவத்தைக் காஞ்சியில் வாழ்வோர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை நோக்குவோம். இவ்வூர் பட்டு நெசவால் புகழ்பெற்றது. நெசவாளர்க்குக் கூதிர்காலம் கவிஞர் பாடும் காலம் மட்டும் அன்று. தொல்லை தரும் காலமும் ஆகும். பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி தெளித்து உலர்த்துவது விடியற்காலைத் தெருவேலை. மழை வந்தால் அவ்வேலை நின்றுவிடும். பட்டு நூல் காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவது. இயல்பான காற்றிலேயே உலர்ந்த பட்டு நூறு பங்கிற்கு ஏறத்தாழ 11 பங்கு ஈரத்தை ஏற்கும். மழைக்காலத்துக் காற்றில் இவ்வளவு இன்னும் மிகும். கஞ்சி உலர நேரமாகும். மேலும், காஞ்சித் தறிகள் பல குழித்தறிகள். நெசவாளர் தறியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதியை மிதிப்பர். நிலத்துநீர் மேலேறும் நாள்களில் அக்குழியில் நீர் ஊறும். தீபாவளிக்கும் அதன்பின் வரும் திருமணங்களுக்கும் புடவை வேண்டுவோர் மிகுதியாக வரும் காலமும் இதுவே. வேலை குவியும், வானமோ இடம் கொடாது.

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைவதுண்டு. இவ்விரண்டையும் இழையோடு இழை பிணைத்து நெய்வதைக் கோர்வை என்பர். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளரோடு துணையாள் ஒருவரும் தறியில் அமர்தல் வேண்டும். நாள் முழுதும் இருவர் கண்களும் இரண்டு மூன்று அடித் தொலைவிலுள்ள மெல்லிழைகளின் மேலேயே பதிந்திருக்கும். அண்மையிலுள்ள பொருளை நோக்கும்போது கண்ணின் உள்ளேயுள்ள தசை இறுகுகின்றது. தொலைவை நோக்கும்போது தளர்கின்றது. ஆகவே, மாலையில் திறந்த வெளிக்குச் சென்று மரத்தின் உச்சியையும் வானத்து முகிலையும் சிறிது நேரம் காண்பது நெசவாளர் கண்ணுக்குத் தேவையான ஓய்வு. செல்வர்க்குப் பூங்கா பொழுதுபோக்கு. குழித்தறியிலிருந்து எழுந்து வருபவர்க்கு அது மருந்து.

நெசவாளர் நிறைந்த பிள்ளையார்பாளையத்தை அடுத்து, ஊரின் மேற்கே, கயிலாசநாதர் கோயில் உள்ளது. இதனைக் காஞ்சியின் மிகப் பழைய பூங்கா என்றே கூறலாம். ஆனால் அப்பெயரை அதற்கு ஒருவரும் இட்டதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோயிலின் முன்னே பசும்புல் தரை விரிந்துள்ளது. கோயிலினின்று சற்றுத் தள்ளி, திறந்த வானத்தின்கீழ், நந்தி படுத்திருக்கும். அதன் முதுகிற்கு மேலே கூரை இல்லை. மழைநீர் அதன் திமிலின்மீது வழிந்து இறங்குவதைக் காணலாம். பெரிய கோயில்களில் திருவிழா நாளின் நெருக்கம் இருக்கும். இங்கு மழை ஓய்ந்த மாலையில் கிளிகளின் ஒலியும், புல்லிலிருந்து எழும் தவளையின் குரலுமே கேட்கும்.

இக்கோயிலை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். முன்னே நிற்கும் சிறு கோயிலை எடுப்பித்தவன் அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன். அடித்தளம் கருங்கல்லால் ஆனது. மேலே எழுந்த பகுதி மணற்கல்லால் ஆனது. இந்த வேற்றுமையைக் காண ஏற்ற காலம் கூதிரே. நனைந்த மணற்கல் வெயிற்காலத்து மங்கலை விட்டு, செம்மை கலந்த பழுப்பு நிறங்கொள்ளும். அடித்தளத்துக் கருங்கல் பெரிதும் மாறாது நிற்கும். மணற்கல் மென்மையானது, சிற்பிக்கு எளிதில் இணங்குவது, அதே காரணத்தால் மழைக்கும் எளிதில் இணங்கிவிடுவது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு மழை தூண்களிலுள்ள சிங்கங்களின் முகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்திருக்கின்றது. சில சிங்கங்கள் பிடரியை இழந்தன. சில தம் கோபத்தையே இழந்து நிற்கின்றன.

திருச்சுற்றில் வரிசையாகச் சிறு கோயில்கள் அமைந்துள்ளன. அவற்றின் சுவர்களில் வண்ண ஓவியத்தின் எச்சங்கள் உண்டு. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் 1931ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். அதுவரை அவை சுண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்தன. இக்கோயிலைப்பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியை வென்று உட்புகுந்தான். பகைவன் தலைநகரில் நுழைந்த மன்னர் செய்வது எது என்பதை வரலாறு நன்கு அறியும். அவனோ இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு கவராது, இறைவனுக்கே திரும்ப அளித்தான். அதனை அறிவிக்கும் கன்னடக் கல்வெட்டு இங்கேயே உள்ளது. வெற்றி கொண்ட ஊரில் மாற்றானின் கலையைப் போற்றியவன் என்னும் புகழை அவ்வெழுத்து அவனுக்கு இன்றளவும் காத்து நிற்கின்றது.

காஞ்சியில் வேறு பொதுவிடங்களும் உள. ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரம் புகழ்பெற்றது. அதன் அடியிலேயே இறைவன் அம்மைக்குக் காட்சி தந்தான் என்பது புராணம். சர்வதீர்த்தக் குளக்கரையில் மாலையில் மக்கள் அமர்ந்திருப்பர். வரதராசப்பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுதும் அறியப்பெற்றது. நீரின் அடியில் இருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுவார். 1979க்குப்பின் 2019 சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அவர் காட்சி தந்தார். ஊர் கொள்ளாத கூட்டம் வந்தது. பின்னர் குளத்துக்குள் மீண்டும் எழுந்தருளினார். அவ்வாண்டு வந்த மழை அக்குளத்தில் இறங்கியது.

குளத்தில் நீர் இறங்குவது தானே நிகழ்வதன்று. வீதியிலும் கூரையிலும் விழும் மழையைக் குளத்துக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் இருத்தல் வேண்டும். இப்பகுதியின் ஏரிகளும் அவ்வாறே ஒன்றோடொன்று தொடர்ந்தவை. மேலேயுள்ள ஏரி நிரம்பிக் கலிங்கின் வழியே வழிந்தால் அந்நீர் கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும். இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தால், ஒருபுறம் ஏரி வறண்டிருக்க, மறுபுறம் தெருவில் வெள்ளம் நிற்கும். இரு துன்பமும் ஒரே அடைப்பினால் வருவன. காஞ்சிக்குள் ஓடும் வேகவதியாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கின்றது. ஆண்டில் பெரும்பகுதி நீரின்றிக் கிடப்பதால் அதன் கரையிலும் படுகையிலும் ஏழை மக்கள் பலர் வீடு கட்டிக்கொண்டனர். வறண்ட ஆறு ஆறாகத் தோன்றுவதில்லை. அது வெற்றிடமாகத் தோன்றுகின்றது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையும், 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளமும் ஆறுகள் தம் இடத்தை மறப்பதில்லை என்பதைக் காட்டின. படுகையில் வாழ்வோரை நகரின் புறத்தே அடுக்கு வீடுகளில் குடியமர்த்த அரசு முற்பட்டது. உயிர்க்காப்புக் கருதின் அது வேண்டுவதே. ஆயினும் குழித்தறி வைத்துப் பிழைப்பவர் இரண்டாம் மாடியில் எங்கே குழி தோண்டுவர்? ஆற்றைக் காப்பதும் தறியைக் காப்பதும் ஒருங்கே எண்ணப்பட வேண்டியவை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று வைப்பதற்கில்லை. 2021ஆம் ஆண்டில் காஞ்சி மாநகராட்சியாயிற்று. ஊர் விரியுந்தோறும் வெற்றிடம் சுருங்குவது இயல்பு. எஞ்சியுள்ள குளமும் புல்தரையும் முன்னையினும் மதிப்பு மிக்கன ஆகின்றன.

பொதுமக்கள் நினைத்தால் காக்க முடியும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. காஞ்சிக்குத் தெற்கே வேடந்தாங்கல் ஏரி இருக்கின்றது. கூதிர்தோறும் அங்கே நாரையும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர் பண்டே கண்டறிந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர் அங்கே பறவைகளைச் சுட்டபோது அவ்வூரார் ஆட்சியரிடம் சென்று முறையிட்டுப் பறவைகளுக்குக் காவல் பெற்றனர். ஊரின் நன்மையும் பறவையின் நன்மையும் அங்கே ஒன்றாயின.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது பழமொழி. பெரும்பாலும் இது பொருந்தும். எனினும் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், மார்கழி பிறந்தபின், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களில் பெய்த மழை பழமொழிக்கு அடங்கவில்லை. ஆகவே காஞ்சியில் கார்த்திகைத் தீபத்தன்று சொக்கப்பனை நாட்டுவோர் வானத்தை நோக்கிக்கொண்டே வேலை செய்வர். பனையின் அடிமரத்தை நட்டு, அதனைச் சுற்றிக் காய்ந்த ஓலையைக் கட்டுவர். ஓலை நனைந்தால் தீப்பற்றாது; புகைமட்டும் எழும். அதனால் மாலையில் சிறு தூறல் விழுந்தாலும் ஓலையின்மேல் எதையாவது போர்த்திவிட்டுக் காத்திருப்பர். வீடுகளில் அகல்விளக்குகளைத் திண்ணையில் வைத்துக் காற்றுக்கு மறைவாகக் கைகளைக் குவிப்பர். தறிக்குழியின் ஓரத்திலும் ஒரு விளக்கு எரியும். வாடைக்கு அணைந்த சுடரை அடுத்த விளக்கிலிருந்து ஏற்றிக்கொண்டே சிறுவர் தெருக்கோடிவரை செல்வர். அதற்குள் முதல் வீட்டு விளக்கு மீண்டும் அணைந்திருக்கும்.